வணிகக் கட்டடத்துக்குள் மொபைல் சிக்னலைச் சரிசெய்வது எப்படி: சென்னைக்கான முழுமையான வழிகாட்டி

ஆபீஸுக்குள் சிக்னல் இல்லை என்ற புகார் வந்ததும் பெரும்பாலான கட்டட மேனேஜர்கள் தேடுவது சிக்னலைப் பெருக்கும் பெட்டியான பூஸ்டரைத்தான். தயவுசெய்து அதை முதலில் வாங்காதீர்கள். சிக்னல் ஏன் வரவில்லை என்று தெரியாமல் எந்தப் பெட்டியை வாங்கினாலும் காசு போகும், புகார் மட்டும் அப்படியே இருக்கும். முதலில் அளக்க வேண்டும், அப்புறம் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கருவி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் செலவு எக்கச்சக்கமாக ஏறும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இது வெறும் வசதிக் குறைவு மட்டும் இல்லை. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் பேஸ்மென்ட் தளத்தில் பில் போடும் இடத்தில் சிக்னல் இல்லையென்றால் யுபிஐ போகாது, சவுண்ட் பாக்ஸ் பேசாது, சிம் போட்ட கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும், வரிசை வாசல் வரை நீளும். பேங்க் ஓடிபிக்காக ஊழியர்கள் மாடிப்படிக்கு ஓடுவார்கள். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது, இரண்டாம் பேஸ்மென்டில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு நெஞ்சு வலித்தால் 112க்குக் கூப்பிட முடியுமா என்பதுதான். வேலையைத் திட்டமிடும்போது மீட்டிங் ரூமுக்கு முன்னால் பேஸ்மென்ட், லிஃப்ட், அவசரப் படிக்கட்டு மூன்றையும் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

முதல் படி: காரணம் எந்த வகை?

வெளியில் நல்ல சிக்னல், உள்ளே வந்ததும் செத்துவிடுகிறது என்றால் கட்டடம்தான் தடுக்கிறது. ஓஎம்ஆர் முழுக்க நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் வெயிலைத் திருப்பி அனுப்ப, கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். சிக்னல் இழப்பை டெசிபலில் அளப்பார்கள், சாதாரண ஜன்னல் கண்ணாடி இரண்டு மூன்று டெசிபல் மட்டுமே சாப்பிடும். இந்தப் பூச்சுக் கண்ணாடி 20 முதல் 30 டெசிபல், சில நேரம் அதற்கும் மேல் விழுங்கிவிடும். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நினைவில் வைத்தால் ஏசி பில்லைக் குறைத்த அதே கண்ணாடி போனை ஊமையாக்கிவிட்டது புரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஷெட்டுகளில் தகரக் கூரையும் தகரச் சுவரும் இதே வேலையைச் செய்கின்றன. பாரிமுனை பக்கத்துப் பழைய கட்டடங்களில் தடித்த செங்கல் சுவரும் குறுகலான தெருவும் சேர்ந்துகொள்கின்றன.

வெளியிலேயே சிக்னல் மோசம் என்றால் அது டவர் பிரச்சினை. அதை உங்கள் கட்டடத்துக்குள் ஆன்டெனா மாட்டித் தீர்ப்பதற்கு முன் ஆபரேட்டரிடம் பேச வேண்டும்.

மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. பத்து மாடிக்கு மேலே போனால் போனில் கோடுகள் நிறைய இருக்கும், ஆனால் கால் கட்டாகும், இன்டர்நெட் இழுக்கும். டவர் ஆன்டெனாக்கள் தெருவை நோக்கிக் கீழே சாய்ந்திருப்பவை. உயரத்தில் இருக்கும் போனுக்கோ நாலாபக்கமும் தூரத்து டவர்கள் எல்லாம் ஒரே பலத்தில் தெரியும், எதைப் பிடிப்பது என்று தாவிக்கொண்டே இருக்கும். இங்கே சிக்னல் பற்றாக்குறை கிடையாது, இரைச்சல்தான் அதிகம். இந்த மாடியில் பூஸ்டர் மாட்டினால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கித் தரும், அவ்வளவுதான்.

நாலாவது, கூட்டம். காலை எட்டு மணிக்கு நன்றாக ஓடும் டேட்டா மதியம் ஒரு மணிக்குப் படுத்துவிட்டால், அல்லது தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் கடையில் யுபிஐ திணறினால், டவரின் கொள்ளளவு போதவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் படி: நடந்து அளங்கள்

கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடுகிறது. சிக்னலின் சக்தியை எண்ணாகச் சொல்லும் டிபிஎம் அளவுதான் வேண்டும். அது மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் ‘அபௌட் போன்’ பகுதியில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் தெரியும், நெட்மான்ஸ்டர் மாதிரி இலவச ஆப்பில் இன்னும் விவரமாகக் கிடைக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை வரும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 80 அல்லது அதைவிட மேலாக இருந்தால் பிரமாதம், மைனஸ் 95 வரை கவலையில்லை, மைனஸ் 105ஐத் தாண்டினால் கால் தடுமாறும், மைனஸ் 115க்குப் பிறகு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்: 20க்கு மேல் அருமை, 10 பரவாயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பலம் குறைவு என்றால் கட்டடமோ தூரமோ காரணம். பலம் இருந்தும் எஸ்ஐஎன்ஆர் குறைவு என்றால் நான் சொன்ன உயரமான மாடிப் பிரச்சினை. இரண்டும் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் கூட்டம். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஃப்ளோர் பிளானைப் பிரின்ட் எடுத்து, பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் நான்குக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே இடத்தில் ஒரு ஆபரேட்டர் மைனஸ் 85, இன்னொருவர் மைனஸ் 118 என்று வருவது சகஜம். எந்த அலைவரிசை என்பதையும் குறியுங்கள், அது முக்கியம். நம் நாட்டில் 4ஜி 850, 900 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1800, 2100, 2300, 2500 வரை ஓடுகிறது, 5ஜி பெரும்பாலும் 3300 பக்கத்தில். அலைவரிசை இரட்டிப்பானால் திறந்த வெளியிலேயே 6 டெசிபல் கூடுதலாகப் போய்விடும், சுவரும் கண்ணாடியும் பிடித்துக்கொள்வது தனி. அதனால்தான் உள்ளே நுழைந்ததும் போன் 5ஜியிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது. ஜியோ 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸும் வைத்திருக்கிறது, அது சுவரை நன்றாகவே துளைக்கும், ஆனால் அகலம் குறைவு என்பதால் பெரிய வேகத்தை அதில் எதிர்பார்க்க முடியாது.

அதே புள்ளிகளில் மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை வேகத்தையும் பாருங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் மைஸ்பீடு ஆப் போதும். ஜன்னலோரம், நடுப்பகுதி, லிஃப்டுக்குள், கழிவறை, சர்வர் ரூம், கார் பார்க்கிங், படிக்கட்டு எதையும் விடாதீர்கள்.

மூன்றாம் படி: ஆபரேட்டரிடம் எடுத்துப் போங்கள்

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டு ‘சிக்னல் வரலை’ என்றால் ‘சிம்மைக் கழற்றி மாட்டுங்க சார்’ என்பார்கள். உங்கள் கம்பெனிக்குக் கார்ப்பரேட் இணைப்பு இருந்தால் அந்த அக்கவுன்ட் மேனேஜரிடம் போங்கள், அளவு எழுதிய ஃப்ளோர் பிளானோடு போங்கள். வெளியிலிருந்து வரும் பிரச்சினையை அவர்கள் டவர் ஆன்டெனாவின் சாய்வையோ திசையையோ மாற்றிச் சரிசெய்ய முடியும், ஒரு கேரியர், அதாவது இன்னொரு அலைவரிசைத் தொகுதி, கூட்டலாம், உங்களுக்குச் செலவே இல்லாமல் முடியக்கூடிய வேலை இது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அதில் அந்த ஆபரேட்டர் சிம் எத்தனை என்ற எண்ணிக்கையைக் கொடுங்கள். அவர்கள் முதலீடு செய்யலாமா என்று முடிவெடுப்பதே அதை வைத்துத்தான்.

டவர் எங்கே இருக்கிறது என்று பார்க்க அரசின் தரங் சஞ்சார் இணையதளம் இருக்கிறது. நிறுவனங்களின் கவரேஜ் வரைபடமும் உதவும், ஆனால் அது தெருவின் நிலவரம், உங்கள் மூன்றாவது மாடியின் நிலவரம் அதில் தெரியாது.

நான்காம் படி: வைஃபை காலிங், சின்ன ஆபீஸுக்கு இதுவே போதும்

டவருக்குப் பதிலாக வைஃபை வழியாகவே கால் போகும் வசதி இது. ஒன்றிரண்டு மாடி, நல்ல வைஃபை ஏற்கெனவே இருக்கிறது என்றால் இங்கேயே நின்றுவிடலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின, தனிக் கட்டணம் கிடையாது, போன் செட்டிங்கில் ஆன் செய்தால் சரி. ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கில் இது வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணம் ஃபயர்வால். போன் ஆபரேட்டரோடு ஐபிசெக் என்ற பாதுகாப்பான சுரங்கம் போட்டுப் பேசுகிறது, அதற்கு யுடிபி 500, 4500 இரண்டு போர்ட்டும் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இவை மூடியிருப்பது ரொம்ப சாதாரணம், ஐடி டீமிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

அடுத்து வைஃபையின் தரம். பேச்சு தடையில்லாமல் போக எல்லா இடத்திலும் 5 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 67 டிபிஎம்மாவது வேண்டும். நடந்துகொண்டே பேசும்போது ஒரு ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து (வைஃபை பெட்டி) அடுத்ததற்கு மாறும் இடத்தில் குரல் அறுந்தால், அந்த மாற்றத்தை வேகமாக்கும் 802.11 கே, வி, ஆர் வசதிகளைச் சரிபாருங்கள், குரலுக்கு முன்னுரிமையும் வையுங்கள். ஓடிபி மெசேஜ் வைஃபை மூலம் வருகிறதா என்று ஒவ்வொரு ஆபரேட்டர் சிம்மிலும் சோதித்த பிறகே ஊழியர்களிடம் சொல்லுங்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளரும் டெலிவரி பையனும் உங்கள் வைஃபைக்குள் வரப் போவதில்லை, அவசர அழைப்புக்கும் இதை மட்டும் நம்பக் கூடாது. மால், மருத்துவமனை, பெரிய கடை என்றால் அடுத்த படி அவசியம்.

பூஸ்டர் பற்றி ஒரு வார்த்தை

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சிக்னல் பூஸ்டர்களை மாட்டவே மாட்டாதீர்கள். 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டத்திலிருந்து 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வரை, அனுமதியில்லாத ரேடியோ கருவியை வைத்திருப்பதே குற்றம். விற்பவர் ‘எல்லாரும் வெச்சிருக்காங்க’ என்பார், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். சட்டத்தை விடுங்கள், அது செய்யும் கெடுதலைப் பாருங்கள்: மாடியில் உள்ள ஆன்டெனாவும் உள்ளே உள்ள ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால், மைக் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தது போல அந்தக் கருவி ஊளையிட ஆரம்பிக்கும். அந்த இரைச்சல் நேராக டவருக்குப் போய் அந்தப் பகுதி முழுக்க எல்லோருடைய காலையும் கெடுக்கும். எதிர்த் தெருவில் ஒரு கிளினிக் இருக்கலாம், அங்கிருந்து ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட முயல்பவரின் அழைப்பு போகாமல் இருக்கலாம். ஆபரேட்டரே வந்து, தன் அலைவரிசைக்கு மட்டும் அளவாக மாட்டித் தரும் ரிப்பீட்டர் (அனுமதியுள்ள பெருக்கி) வேறு விஷயம், ஒரு சின்ன பேஸ்மென்டுக்கு அது நல்ல தீர்வு.

ஐந்தாம் படி: சரியான அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

ஸ்மால் செல் என்பது கையடக்க டவர். இன்டர்நெட் லைன் கொடுத்தால் அந்தத் தளத்துக்குச் சொந்தமாகச் சிக்னலும் கொள்ளளவும் கிடைக்கும். ஆபரேட்டர்தான் தர வேண்டும், வழக்கமாக ஒரு ஆபரேட்டருக்கு மட்டுமே வேலை செய்யும். நேரத்தை டவர்களோடு ஒத்துப்போக வைக்க ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் தெரியும் இடம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், கேபிள் போட வழி இல்லாமல் கடைசியில் நிற்கும் இடம் இதுதான்.

பெரிய கட்டடங்களுக்கு ஐபிஎஸ், அதாவது கட்டடத்துக்குள்ளேயே பரப்பப்பட்ட ஆன்டெனா அமைப்பு. ஒரு அறையில் ஆபரேட்டர்களின் ரேடியோ, அங்கிருந்து ஷாஃப்ட் வழியாகத் தடித்த கேபிள், சிக்னலைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர், கப்ளர், ஃபால்ஸ் சீலிங்கில் எல்லாப் பக்கமும் பரப்பும் சின்னச் சின்ன ஓம்னி ஆன்டெனாக்கள். இது பாசிவ் வகை, உள்ளே மின்சாரம் தேவையில்லை, பழுதும் குறைவு. கட்டடம் ரொம்பப் பெரிதானால், பல பிளாக்குகள் இருந்தால், கேபிளிலேயே சக்தி கரைந்துவிடும் என்பதால் ஃபைபரில் கொண்டுபோய் ஒவ்வொரு தளத்திலும் ரிமோட் யூனிட் வைக்கும் ஆக்டிவ் வகைக்குப் போக வேண்டும். அது விலை அதிகம், ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

கணக்கு எப்படிப் போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் வெண்டர் சொல்வதை எடைபோடச் சுலபம். 20 வாட் ரேடியோ என்றால் 43 டிபிஎம். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி கேரியரில் அது 1200 சப்கேரியர்களுக்கு, அதாவது கேரியருக்குள் இருக்கும் சின்ன அலைகளுக்கு, பிரிவதால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 12 டிபிஎம். 32 ஆன்டெனாவுக்குப் பிரித்தால் 15 டெசிபல் போகும், அரை இன்ச் கேபிள் 80 மீட்டரில் 2100 மெகாஹெர்ட்ஸுக்கு 9 டெசிபல் வரை, கனெக்டர், கப்ளர் எல்லாம் 3 என்று வைத்தால் ஆன்டெனாவில் மைனஸ் 15. அங்கிருந்து 15 மீட்டர் காற்றில் 62 டெசிபல், நடுவில் இரண்டு சுவருக்கு 20, ஆன்டெனா இரண்டு டெசிபல் திருப்பித் தரும். போனில் கிடைப்பது மைனஸ் 95. சரியாக விளிம்பில் நிற்கிறது பாருங்கள். இதே அமைப்பில் 5ஜியின் 3500 மெகாஹெர்ட்ஸை ஏற்றினால் கேபிளில் 3 டெசிபல் கூடுதல், காற்றில் 4 கூடுதல், சுவரிலும் கூடுதல், அதோடு அதே 20 வாட் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவுவதால் ஒவ்வொரு சப்கேரியருக்கும் இன்னும் 4 டெசிபல் குறையும். ஆகவே ‘இப்போ 4ஜி போடுவோம், 5ஜி அப்புறம் அப்படியே ஓடும்’ என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஐபிஎஸ் உள்ள கட்டடங்களில் ஸ்ப்ளிட்டரும் ஆன்டெனாவும் 2700 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமே செய்யப்பட்டவை, 3300க்கு மேல் அவற்றில் போகாது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளும் 3800 வரை தாங்க வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். வேகம் வேண்டுமென்றால் இரட்டைக் கேபிள் வரிசை தேவை, ஃபால்ஸ் சீலிங் மூடும் முன் அதைப் போட்டுவிடுவது நல்லது.

ஆன்டெனா இடத்தில் இரண்டு கவனம். உலோகத் தகடு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைக்காதீர்கள், இன்டீரியர் டிசைனர் எவ்வளவு கேட்டாலும் கீழே தெரியும்படிதான் வைக்க வேண்டும். ஜிப்சம் என்றால் மேலேயே இருக்கலாம். உயரமான மாடிகளில் ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் வைத்து உள்நோக்கித் திருப்பினால், வெளியிலிருந்து வரும் சிக்னலை விட உள்ளே உள்ளது 6 டெசிபலாவது மேலோங்கி நிற்கும், போன் தாவுவது நிற்கும். லிஃப்டுக்கு அதன் ஷாஃப்டுக்குள் ஒரு திசை ஆன்டெனா, அல்லது ஒவ்வொரு லிஃப்ட் லாபியிலும் ஒன்று.

சென்னைக்கென்று சில விஷயங்கள்

ரேடியோ அறையைப் பேஸ்மென்டில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த ஊர் இது, வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி பக்கம் பேஸ்மென்ட் நிரம்பியது எல்லோருக்கும் தெரியும். சரியாக அந்த நாளில்தான் உள்ளே மாட்டியவர்களுக்குப் போன் வேண்டும். முதல் மாடியோ அதற்கு மேலோ, ஏசி வசதியோடு, யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் இணைந்த இடமாகப் பாருங்கள். கடலோரமாக இருந்தால் மொட்டை மாடியில் உள்ள கனெக்டர்களை உப்புக் காற்று தின்றுவிடும், நீர் புகாத டேப் சுற்றி வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால் பார்க்க வேண்டும். மாடி ஆன்டெனாவுக்கு எர்த்தும் இடி தாங்கும் சர்ஜ் அரெஸ்டரும் கட்டாயம். ஷாஃப்டில் கேபிளுக்காகப் போட்ட ஓட்டையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்காமல் விட்டால் தீ ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு அதன் வழியாகவே ஏறும், வேலை முடிந்து போகும் ஆட்கள் மறப்பது இதைத்தான்.

வாடகைதாரர்களில் யாராவது ‘உள்ளேயே டவரா, ரேடியேஷன் வராதா’ என்று கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். 2012 செப்டம்பரிலிருந்து இந்தியாவின் வரம்பு உலக வழிகாட்டி அளவில் பத்தில் ஒரு பங்குதான். மேலும் சிக்னல் மோசமாக இருக்கும் இடத்தில்தான் காதோரம் இருக்கும் போன் தன் முழுச் சக்தியான 200 மில்லிவாட்டையும் எடுத்துக் கத்துகிறது. ஆன்டெனா பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசினாலே போதும். அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் தரங் சஞ்சாரில் 4000 ரூபாய் கட்டி அளக்கச் சொல்லலாம்.

ஆறாம் படி: ஒப்பந்தம்

ஒரு ஆபரேட்டர் இலவசமாகவே எல்லாம் போட்டுத் தருகிறேன், பதிலுக்கு மற்றவர்களை உள்ளே விடாதே என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மாதிரி ஏகபோக ஒப்பந்தம் கூடாது என்று ட்ராய் 2017ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. கட்டடத்துக்குள் வருகிறவர்கள் நான்கு ஆபரேட்டர் சிம்மும் வைத்திருப்பார்கள். ஒரே கேபிள் அமைப்பை எல்லோரும் பகிரும் பொது ஏற்பாடுதான் கட்டட உரிமையாளருக்கும் நல்லது, கேபிளும் ஷாஃப்ட் இடமும் ஒரே தடவை. ரேடியோ அறையில் நான்கு பேருக்கும் ரேக் இடமும் தனி மின் மீட்டரும் முதலிலேயே ஒதுக்குங்கள். 2024 அக்டோபரில் ட்ராய் கொண்டுவந்த விதிமுறையின்படி கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு ஸ்டார் மதிப்பீடும் வாங்கலாம், வாடகைக்கு விடும்போது காட்ட உதவும்.

பணம் கொடுப்பதை அளவோடு கட்டுங்கள். ‘நல்ல கவரேஜ்’ என்று எழுதினால் பின்னால் வாதாட முடியாது. தளத்தின் 95 சதவீத இடத்தில் மைனஸ் 95 டிபிஎம்முக்குக் குறையாமல், பேஸ்மென்டிலும் படிக்கட்டிலும் மைனஸ் 105க்குக் குறையாமல், எஸ்ஐஎன்ஆர் இத்தனை, ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனித்தனியாக என்று எழுதுங்கள். முடிந்ததும் இரண்டாம் படியில் நீங்கள் வைத்த அதே புள்ளிகளில் அவர்களை நடந்து அளக்கச் சொல்லி, கூடவே நீங்களும் நடங்கள். கேபிளுக்கு விஎஸ்டபிள்யூஆர் (சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது), பிம் (இணைப்புகளில் உருவாகும் தேவையற்ற சிக்னல்) சோதனை அறிக்கையும் வாங்கி வையுங்கள். லூஸான ஒரு கனெக்டர் முழுத் தளத்தையும் கெடுத்துவிடும், அதை இந்த அறிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

அளவுகளையும் கேபிள் வரைபடத்தையும் கட்டட அலுவலகத்தில் ஒரு ஃபைலில் வையுங்கள். புது வாடகைதாரர் வந்து கண்ணாடித் தடுப்பு போட்டாலோ, ஃபால்ஸ் சீலிங் மாற்றினாலோ, ஆன்டெனாவை எலக்ட்ரீஷியன் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். அதனால் உள் அலங்கார வேலைக்கான ஃபிட்-அவுட் அனுமதிப் படிவத்திலேயே ‘ஐபிஎஸ் ஆன்டெனாவைத் தொட எழுத்து மூல அனுமதி தேவை’ என்று ஒரு வரியைச் சேர்த்து, வேலை முடிந்து டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தத் தளத்தில் மட்டும் மறுபடி ஒரு சுற்று அளந்துவிடுங்கள்.